அடித்த பெயரும் அழியாத எழுத்தும்

அரையாண்டுக் கணக்கு முடிப்பு வேலையில் பத்து நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. "என்ன ஆளையே காணோம்" என்று மடல் போட்டு விசாரித்தவர்களுக்கு நன்றி. இந்த முறை கொஞ்சம் சரித்திரம். ராஜா ராணி சரித்திரம் இல்லை. கம்ப்யூட்டரில் 'டெலிட்' என்று ஒரு பட்டனைத் தட்டுகிறோமே, அதனுடைய சரித்திரம். அழித்த கோப்பை மீட்டெடுக்கிற வித்தையின் சரித்திரம் என்றும் சொல்லலாம்.

வங்கிக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. இது அடிப்படையில் கணக்குப் புத்தக சமாச்சாரம்.

பி.காம். முதல் வருடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. பேரேட்டில் தப்பாக எழுதியதை ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. பிளேடு வைத்துச் சுரண்டக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அல்லது எதிர்ப்பதிவு போட்டு நேர் செய்ய வேண்டும். அடித்தது என்னவென்று நாளைக்கு வருகிற ஆடிட்டர் படிக்க முடிய வேண்டும்.

கம்ப்யூட்டரில் டெலிட் என்றால் ரப்பர் போட்டு அழிப்பது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மையில் பல வருடங்களாக அது செய்தது கோடு போட்டு அடிக்கிற வேலையைத்தான். அந்த ஒரு விஷயத்தால் பிழைத்தவர்கள் உண்டு, வசமாக மாட்டிக் கொண்டவர்களும் உண்டு. இப்போது அது மாறிவிட்டது. ஊரை விட்டு வந்து, அப்பா அம்மா முகத்தையும் குரலையும் போனில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்த மாற்றம் ரொம்ப முக்கியம். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஆரம்பத்திலிருந்து வருவோம். 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற கம்ப்யூட்டரோடு உலகத்தின் முதல் ஹார்டு டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இரண்டு அடி விட்டமுள்ள தட்டுகள் 50, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும். எடை ஏறக்குறைய ஒரு டன். அதில் எழுத முடிந்தது 50 லட்சம் எழுத்துகள். இன்று போனில் எடுக்கிற நல்ல போட்டோ ஒன்றுக்கே அது பத்தும் பத்தாததுமாக இருக்கும்.

தட்டில் எழுதினால் மட்டும் போதாது, எது எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியலும் வேண்டும். எங்கள் கிளையில் லாக்கர் ரிஜிஸ்டர் இருப்பது மாதிரி. இன்னாருக்கு இத்தனாம் நம்பர் லாக்கர் என்று ரிஜிஸ்டரில் இருக்கும், நகை உள்ளே லாக்கரில் இருக்கும். கம்ப்யூட்டர் தட்டிலும் அதே ஏற்பாடுதான். முன்னால் ஒரு ரிஜிஸ்டர், பின்னால் ஆயிரக்கணக்கான லாக்கர்கள்.

நம்மில் பெரும்பாலோர் பழகிய ரிஜிஸ்டருக்கு 'ஃபேட்' என்று பெயர். 1977-ல் மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்ட் என்பவர் எழுதியது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது அதன் டாஸ் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. இன்றைக்கும் பென் டிரைவிலும் கேமரா கார்டிலும் அதன் வாரிசுகள்தான் இருக்கின்றன.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோப்பை டெலிட் செய்தால் என்ன நடந்தது? ரிஜிஸ்டரில் அந்தக் கோப்பின் பெயர் இருக்கிற இடத்துக்குப் போய், பெயரின் முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, அங்கே 229 என்ற எண்ணை எழுதியது. அந்தக் கோப்பு பிடித்திருந்த லாக்கர்கள் எல்லாம் 'காலி' என்று குறித்தது. அவ்வளவுதான். லாக்கரைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. உள்ளே இருந்தது உள்ளேயே இருந்தது. அந்த லாக்கரை வேறொரு கோப்புக்கு ஒதுக்கி, அது வந்து மேலே எழுதுகிற வரைக்கும் பழைய எழுத்துக்கு ஆபத்து இல்லை.

ஏன் இப்படி? வேறொன்றும் இல்லை, வேகம். முதல் பி.சி.யின் ஃபிளாப்பியில் மொத்தமே 160 கிலோபைட். அது எழுதுகிற வேகமும் ஆமை வேகம். ஒரு கோப்பை உண்மையாகவே துடைத்து அழிப்பதென்றால் எழுத ஆன நேரம் அழிக்கவும் ஆகும். ஒரு எண்ணை மாற்றினால் கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. ஆக, அழித்ததை மீட்க முடிந்தது என்பது யாரும் நம் மேல் இரக்கப்பட்டுச் செய்த வசதி இல்லை. எஞ்சினியர்கள் நேரம் மிச்சம் பிடித்ததில் கிடைத்த தற்செயல் லாபம்.

இந்த லாபத்தைக் கடைச்சரக்காக்கி, வீட்டுக்கு வீடு கொண்டு போனவர் பீட்டர் நார்டன். 1943-ல் பிறந்த அமெரிக்கர். இளமையில் சில வருடங்கள் ஒரு பௌத்த மடாலயத்தில் இருந்தவர். பிறகு கம்ப்யூட்டர் புரோகிராமராக விமானம், விண்வெளி சம்பந்தப்பட்ட துறையில் வேலை. அந்தத் துறையில் ஆட்குறைப்பு வந்தபோது வேலை போயிற்று. புதிதாக வந்திருந்த ஐ.பி.எம். பி.சி.யை வைத்துக்கொண்டு புரோகிராம் எழுதிக் கொண்டிருந்தவர், ஒருநாள் தன்னுடைய கோப்பு ஒன்றைத் தவறுதலாக அழித்துவிட்டார். நாமாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு திரும்ப டைப் அடிப்போம். அவர் என்ன செய்தார் என்றால், அழிந்ததைத் தேடி எடுக்க ஒரு புரோகிராம் எழுதினார். அதுதான் 'அன்இரேஸ்'. 1982-ல் அதையும் வேறு சில சின்னப் புரோகிராம்களையும் சேர்த்து 'நார்டன் யுடிலிட்டீஸ்' என்று விற்க ஆரம்பித்தார். எட்டே வருடத்தில், 1990-ல், அவருடைய கம்பெனியை சிமான்டெக் 7 கோடி டாலருக்கு வாங்கியது. அழிந்து போனதாக மற்றவர்கள் நினைத்தது அழியவில்லை என்று தெரிந்து வைத்திருந்ததற்கு 7 கோடி டாலர்!

1991-ல் வந்த எம்.எஸ்.டாஸ் 5-ல் 'அன்டெலிட்' என்று ஒரு கட்டளையையே சேர்த்துவிட்டார்கள். 90-களின் கடைசியில் திருநெல்வேலியில் நாங்கள் மாலை நேரத்தில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ப் படித்த காலத்தில், பழைய டாஸ் மெஷின் ஒன்றில் சார் இதைச் செய்து காட்டுவார். அழித்த கோப்பின் பெயர் முதல் எழுத்து இல்லாமல், ஒரு கேள்விக்குறியோடு திரையில் வரும். தமிழில் சொன்னால் '?மலா' என்று நிற்கும். கமலாவா, விமலாவா, அமலாவா என்று அதற்குத் தெரியாது. "முதல் எழுத்தை நீயே சொல்லு" என்று நம்மைக் கேட்கும். எழுத்தைத் தட்டினால் கோப்பு வந்துவிடும். வகுப்பே கை தட்டும். கோப்பின் உள்ளே உள்ளதெல்லாம் பத்திரம், காணாமல் போனது பெயரின் தலை எழுத்து மட்டும்!

இது நல்ல பக்கம். மாட்டிக் கொண்டவர்கள் கதைக்கு வருவோம்.

1986 நவம்பர், அமெரிக்காவில் ரீகன் ஆட்சி. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அதில் வந்த பணத்தை நிகராகுவாவில் அரசை எதிர்த்துப் போராடிய கான்ட்ரா படைக்குத் திருப்பிவிட்ட விவகாரம் வெடித்தது. வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்புக் குழுவில் இருந்த ஜான் பாயின்டெக்ஸ்டரும் ஆலிவர் நார்த்தும் தங்கள் மின்னஞ்சல்களை உட்கார்ந்து அழித்தார்கள். 'ப்ரொஃப்ஸ்' என்று ஐ.பி.எம். கொடுத்திருந்த மின்னஞ்சல் ஏற்பாடு அது. பாயின்டெக்ஸ்டர் அழித்தது ஐயாயிரத்துக்கும் மேல், நார்த் அழித்தது எழுநூறுக்கும் மேல்.

ஆனால் அந்த ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்ட தொழில்நுட்ப ஆட்கள், வழக்கமான வேலையாக எல்லாவற்றையும் காந்த நாடாவில் நகல் எடுத்து வைத்திருந்தார்கள். நாங்கள் கிளையில் நாள் கணக்கை முடித்து பேக்கப் எடுப்போமே, அது மாதிரி. விசாரணைக் குழு அந்த நாடாக்களிலிருந்து மின்னஞ்சல்களை எடுத்துப் படித்தது. பட்டனைத் தட்டினால் என்றைக்குமாகப் போய்விடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் மனதார நம்பினோம் என்ற பொருளில் நார்த் 1987-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் சொன்னார்.

அதோடு முடியவில்லை. 1989 ஜனவரியில் ரீகன் பதவியிலிருந்து இறங்குகிற நேரத்தில் அந்த நாடாக்களைத் துடைத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்து, ஆவணங்களைப் பாதுகாக்கும் ஓர் அமைப்பும் சிலரும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். துடைக்கத் தடை வாங்கினார்கள். வழக்கு இழுத்து, 1993-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மின்னஞ்சலும் அரசு ஆவணம்தான் என்ற நிலைப்பாட்டை உறுதி செய்தது. ஒரு டெலிட் பட்டன் இவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

இரண்டாவது கதை கொஞ்சம் பயங்கரம், சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் விசிட்டா நகரத்தில் 1974 முதல் 1991 வரை 10 பேரைக் கொன்றவன் டென்னிஸ் ரேடர். முப்பது வருடம் பிடிபடவில்லை. ஃபிளாப்பியில் எழுதி அனுப்பினால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா என்று போலீசையே கேட்டான். முடியாது என்ற அர்த்தத்தில் போலீஸ் பத்திரிகை வரிவிளம்பரம் வழியாகப் பதில் சொன்னது. நம்பி, 2005 பிப்ரவரியில் ஒரு டி.வி. நிலையத்துக்கு ஃபிளாப்பியை அனுப்பினான். அதில் முன்பு அழிக்கப்பட்ட வேர்டு கோப்பு ஒன்று அப்படியே இருந்தது. மீட்டுப் பார்த்தால், அவன் போய் வந்த தேவாலயத்தின் பெயரும், கடைசியாகத் திருத்தியவர் 'டென்னிஸ்' என்ற குறிப்பும். ஃபிளாப்பி வந்து பத்து நாளுக்குள் ஆள் உள்ளே.

அவன் கெட்டவன், மாட்டினான், சந்தோஷம். ஆனால் ஒரு தப்பும் செய்யாதவர்களும் இதில் மாட்ட முடியும். எம்.ஐ.டி. கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலாட் இருவரும் 2000 நவம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை 158 பழைய ஹார்டு டிஸ்க்குகளை, பெரும்பாலும் ஈபே வழியாக, விலைக்கு வாங்கினார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் கடிதங்கள், மருத்துவ விவரங்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள். என்னைத் தூக்கிவாரிப் போட்டது எது தெரியுமா? ஒரு டிஸ்க், இல்லினாய் மாநிலத்தில் ஒரு ஏ.டி.எம். மெஷினில் இருந்தது. கணக்கு எண்களோடு. துடைக்க முயன்ற அடையாளமே இல்லை. 2003 ஜனவரியில் இந்த ஆராய்ச்சி வெளியானது. கரன்சி நோட்டை எண்ணி இரண்டு பேர் சாவி போட்டுப் பூட்டுகிற தொழில் எங்களுடையது. அந்தப் பெட்டிக்குள் இருந்த டிஸ்க் பழைய சாமான் விலைக்குப் போயிருக்கிறது.

நம் ஊர்ச் சட்டமும் இந்த விஷயத்தில் தூங்கவில்லை. வங்கிப் புத்தகங்களின் சாட்சியச் சட்டம் என்று 1891-ல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது ஒன்று உண்டு. பேரேட்டின் நகலை வங்கி சான்றளித்துக் கொடுத்தால் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் சாரம். 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது இதையும் திருத்தினார்கள். கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்த கணக்கு என்றால் கம்ப்யூட்டர் பொறுப்பாளரும் ஒரு சான்று தர வேண்டும். அந்தச் சான்றில் சொல்ல வேண்டியவைகளில் ஒன்று: ஏதாவது கோளாறால் தகவல் இழந்துபோனால் அதை மீட்க என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பது. மாட்டுவண்டிக் காலத்துச் சட்டத்துக்குள் 'டேட்டா ரெகவரி' நுழைந்துவிட்டது.

இனி நம் மனதுக்கு நெருக்கமான கதை. 2003 பிப்ரவரி 1. கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது உடைந்து சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேரும் போனார்கள். அன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து வந்து டி.வி. முன்னால் இந்தியா முழுக்க உட்கார்ந்திருந்த ராத்திரி அது.

அந்தக் கலத்தில் செனான் வாயு சம்பந்தமான ஒரு பௌதிக ஆராய்ச்சிக்கான கருவி இருந்தது. அதன் ஹார்டு டிஸ்க், சில நூறு மெகாபைட் மட்டும் கொண்டது, வானத்திலிருந்து டெக்சாஸ் மண்ணில் விழுந்தது. ஆறு மாதம் கழித்து, காய்ந்துபோன ஓர் ஏரிப் படுகையில் கண்டெடுத்தார்கள். பார்த்தால் அடையாளம் தெரியாத அளவுக்குக் கருகிய உலோகம். மினியாபொலிஸ் பக்கம் உள்ள க்ரோல் ஆன்ட்ராக் என்ற மீட்பு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். ஜான் எட்வர்ட்ஸ் என்ற எஞ்சினியர் பிரித்துப் பார்த்தார். வெளிப்புறம் உருகியிருந்தது, உள்ளே தூசி புகுந்து தட்டைக் கீறியிருந்தது. ஆனால் கீறல் விழுந்த இடத்தில் எழுத்து இல்லை. காரணம், அந்தக் கருவியை ஓட்டியது பழைய டாஸ். அது எழுதுவதைத் தட்டு முழுக்க இறைக்காமல் வரிசையாக ஓரிடத்தில் எழுதிக்கொண்டு போகும். தட்டைக் கழுவி, வேறொரு புது டிரைவில் பொருத்தி, 99 சதவீதத்தை எடுத்துவிட்டார். ஆராய்ச்சி முடிவு 2008-ல் பௌதிகப் பத்திரிகையில் வெளியானது.

கலத்தில் வேறு இரண்டு டிஸ்க்குகளும் கிடைத்தன. அவற்றிலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மீட்பு என்பது வரம் இல்லை. எழுத்து எங்கே இருந்தது, கீறல் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்தது.

ரிஜிஸ்டரே முழுதாகப் போய்விட்டால்? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் ஆரம்பத்தில் ஒரு முத்திரை உண்டு. கேமரா எடுக்கிற ஜேபெக் படம் என்றால் முதல் இரண்டு எண்கள் 255, 216 என்று இருக்கும். முடிவில் 255, 217. ரிஜிஸ்டரைப் பார்க்காமலே லாக்கர் லாக்கராகத் திறந்துகொண்டு போய், இந்த முத்திரை எங்கே தெரிகிறதோ அங்கிருந்து வெட்டி எடுக்கிற முறை இது. அமெரிக்க விமானப்படையின் புலனாய்வுப் பிரிவில் இருந்தவர்கள் இதற்காக எழுதிய 'ஃபோர்மோஸ்ட்' பிரபலம். கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய 'ஃபோட்டோரெக்' இன்றைக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

செம்பூரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மாமாவின் சதாபிஷேகத்துக்குக் கும்பகோணம் போய் எடுத்த படங்கள் எல்லாம் கேமரா கார்டில். பேரன் விளையாட்டாகக் கார்டை ஃபார்மேட் செய்துவிட்டான். நல்லவேளை, அதற்குப் பிறகு யாரும் ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஃபோட்டோரெக் ஓட்டியதில் ஏறக்குறைய எல்லாப் படமும் வந்துவிட்டது. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. எஃப் என்ற எழுத்தும் பக்கத்தில் ஏழு இலக்க எண்ணும். முன்னூறு படம், எல்லாம் கலந்து கட்டி. மாமி இரண்டு நாள் உட்கார்ந்து, இது கலச பூஜை, இது தாலி கட்டினது, இது வடகம்பட்டி அத்தை கிளம்பறச்சே எடுத்தது என்று ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினார். மெஷின் படத்தைக் கொடுத்தது. யார் யார் என்று சொல்ல மாமி வேண்டியிருந்தது. ஆறு மாதத்தில் மாமா காலமாகிவிட்டார். அந்த வீட்டுக் கூடத்தில் இன்று மாலை போட்டு மாட்டியிருக்கிற படம், அந்த எண் போட்ட கோப்புகளில் ஒன்று.

இவ்வளவு சொன்னதும் "அப்படியானால் கவலையில்லை, எது போனாலும் எடுத்துவிடலாம்" என்று தோன்றும். இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

முதல் காரணம் எஸ்.எஸ்.டி. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதுகிற டிஸ்க். இதில் பழையதன்மேல் நேராக எழுத முடியாது. முதலில் துடைக்க வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். துடைக்க நேரம் ஆகும். அதனால் சும்மா இருக்கும்போதே துடைத்துத் தயாராக வைத்துக்கொள்ள, 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று கம்ப்யூட்டர் டிஸ்க்குக்குச் சொல்கிற ஏற்பாடு வந்தது. 'ட்ரிம்' என்று பெயர். 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் இது சேர்ந்தது. நீங்கள் டெலிட் செய்த சற்று நேரத்தில் டிஸ்க் தானாகவே லாக்கரைத் திறந்து காலி செய்துவிடுகிறது. கவனியுங்கள், இதற்கும் காரணம் வேகம்தான். அன்று வேகத்துக்காகத் துடைக்காமல் விட்டார்கள், இன்று அதே வேகத்துக்காக உடனே துடைக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் பூட்டு. ஐபோனில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனிச் சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் 2015-ல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து பெரும்பாலான புதுப் போன்களில் எல்லாம் பூட்டித்தான் எழுதப்படுகிறது. கோப்பை அழித்தாலோ போனை ரீசெட் செய்தாலோ சாவி போய்விடும். சிப்பில் மிச்சம் இருந்தாலும் அது வெறும் குப்பை எழுத்து. போன் திருடு போனால் இது நமக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு! ஆனால் அதே பூட்டு, நாமே தவறுதலாக அழித்த அம்மாவின் கடைசி வீடியோவையும் நம்மிடமிருந்து பூட்டிவிடுகிறது. மும்பை லாமிங்டன் ரோடிலோ சென்னை ரிச்சி தெருவிலோ எவ்வளவு கெட்டிக்காரனிடம் கொடுத்தாலும் இந்தப் பூட்டை உடைக்க முடியாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் போயிற்று. அரசு சிறப்பு முகாம் நடத்தி மறுநகல் கொடுத்தது. கொடுக்க முடிந்தது, ஏனென்றால் அசல் பதிவு ஓர் ஆபீசில் இருந்தது. தாத்தா நாதஸ்வரம் வாசித்த வீடியோவுக்கு அசல் வைத்திருக்கிற ஆபீஸ் எது? கிடையாது. நம் வீடுதான் ஆபீஸ், நாம்தான் ரிக்கார்டு கீப்பர்.

ஆக, இனி மீட்பை நம்ப முடியாது, நகலைத்தான் நம்ப வேண்டும். இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1998-ல் பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' எடுத்துக் கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தப்பான இடத்தில் அழிக்கிற கட்டளையைக் கொடுக்க, பொம்மையின் தொப்பி, பூட்ஸ், பிறகு பொம்மையே என்று திரையில் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. படத்தின் 90 சதவீதம் காலி. பேக்கப் நாடாவைப் போட்டால், அது ஒழுங்காகப் பதிவாகாமலே இருந்திருக்கிறது, யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அப்போது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப மேலாளர், "என் வீட்டில் ஒரு காப்பி இருக்கிறது" என்றார். குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்க்க எடுத்துப் போனது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் குழந்தையைக் கொண்டு வருகிற மாதிரி மெல்லக் கொண்டு வந்தார்கள். படம் பிழைத்தது. எத்தனையோ கோடி டாலர் கம்பெனியைக் காப்பாற்றியது வேறொரு இடத்தில் இருந்த ஒரு நகல்.

சரி, நாம் என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்தது இவ்வளவு.

தவறுதலாக ஏதாவது அழிந்தால், அந்தக் கார்டையோ டிஸ்க்கையோ அந்த நிமிடமே உபயோகிப்பதை நிறுத்துங்கள். மீட்கிற மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவாதீர்கள், மீட்டதையும் அதிலேயே சேமிக்காதீர்கள். போன் என்றால் முதலில் அதன் குப்பைக்கூடையைப் பாருங்கள். அழித்த படம் அங்கே 30 நாள், சிலவற்றில் 60 நாள் வரை இருக்கும்.

ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் மின்சாரத்தை நிறுத்துங்கள். தண்ணீரில் நனைந்தால் வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள், "ஒருதடவை போட்டுப் பார்ப்போம்" என்று போடவே போடாதீர்கள். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன். நனைந்ததை அப்படியே நல்ல மீட்பு நிலையத்திடம் கொடுப்பதுதான் உத்தமம்.

பழைய கம்ப்யூட்டரை விற்கும்போது சுழலும் டிஸ்க் என்றால் முழுக்க ஒருமுறை மேலெழுதித் துடைத்துவிட்டுக் கொடுங்கள். டெலிட் போதாது என்று மேலே பார்த்தோம்.

கடைசியாக, நகல். இரண்டு நகல், அதில் ஒன்று வேறு ஊரில். இந்த ஒரு விஷயத்தில் மட்டும், இருந்த இடத்திலேயே இருப்பவர்களைவிட நமக்கு வசதி அதிகம். இங்கே ஒரு வீடு, ஊரில் ஒரு வீடு. இங்கே வெள்ளம் வந்தாலும் அங்கே அண்ணன் வீட்டு பீரோவில் ஒன்று பத்திரமாக இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை போகும்போது புதியதைச் சேர்த்து, பழையதைப் போட்டுப் பார்த்துவிட்டு வரலாம். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் பிக்ஸார் பாடம்.

போட்டுப் பார்க்கும்போது வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். யார், எந்த வருடம், எந்த ஊர் என்று கேட்டுக் கோப்புக்குப் பெயர் வையுங்கள். கேள்விக்குறி போட்ட பெயருக்கு முதல் எழுத்தைச் சொல்ல அவர்களால்தான் முடியும்.

தீபாவளிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டதா? பையில் துணிமணிக்கும் முறுக்கு டப்பாவுக்கும் நடுவில், ஒரு ஹார்டு டிஸ்க்குக்கும் இடம் வையுங்கள்.